காணாமல் போனவனுக்குப் பிரதிநிதி

எங்கள் கட்சிக் கிளையிலிருந்து அந்த வருஷம் பகுதி மாநாட்டுக்குத் தேர்வான பிரதிநிதி என் தங்கச்சி புருஷன். தை பிறந்ததும் பகுதி அலுவலகத்திலிருந்து அவனுடைய பேட்ஜ் வந்து சேர்ந்தது. துணியில் பூ மாதிரி மடித்து, நடுவில் அட்டை ஒட்டி, அட்டையில் அவன் பெயரை மை பேனாவால் அழகாக எழுதியிருந்தார்கள். எல்லாம் சரிதான், ஆள்தான் இல்லை. ஐப்பசி மழையில் துறைமுகத்தில் இழுவைப் படகின் கயிற்றைச் சரிபார்க்கப் போனவன் அதோடு திரும்பவில்லை.

தப்பு எங்கள் கிளையுடையது. பிரதிநிதிகள் பெயரை மழைக்கு முன்பே அனுப்பியாகிவிட்டது. அவன் கடலோடு போன பிறகு, கிளைச் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, இரங்கல் தீர்மானத்துக்கும் அவன் பெயரையே எழுதி அனுப்பினார். முன்னே அனுப்பியதை அடிக்கச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆக, ஒரே மாநாட்டில் அவன் பிரதிநிதியாக உட்காரவும் வேண்டும், அவனுக்காக நாங்களெல்லாம் எழுந்து மௌனமாக நிற்கவும் வேண்டும். இந்தக் கூத்து எங்கள் கிளையைத் தவிர வேறு எங்கே நடக்கும்.

செயலாளர் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். பேட்ஜை என் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். ஆள் இறந்தது நிச்சயமென்றால் இரங்கலில் பெயரைப் படிப்பார்கள், நான் என் பெயரிலேயே மாற்றுப் பிரதிநிதியாகப் போகலாம். நிச்சயமில்லையென்றால் வழக்கப்படி செய்யலாம். வழக்கம் என்னவென்றால், பிரதிநிதிக்குக் காய்ச்சலோ நைட் ஷிப்டோ வந்துவிட்டால் கிளையில் வேறொருவன் அவன் பேட்ஜைக் குத்திக்கொண்டு போவான். மண்டபத்தில் பெயர் கூப்பிடும்போது எழுந்து 'இருக்கிறேன்' என்பான். ஆள் மாறினாலும் பெயர் மாறாது, மேலே யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

"ரெண்டுல ஒண்ணு நீயே சொல்லு. நீ அவருக்கு மச்சான். மாநாட்டன்னிக்கு காலைல வரிக்கும் டைம் கீது" என்றார்.

எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். கடல் எடுத்த உடம்பை மூன்றாம் நாள் எங்கேயாவது ஒதுக்கிவிடும் என்பார்கள் மீனவர்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் நடந்து தேடினோம். கத்திவாக்கத்து மீனவர்கள் கட்டுமரத்தில் போய்ப் பார்த்தார்கள். ஒதுங்கவில்லை. அதனால் உயிரோடு இருக்கிறான் என்று ஆகிவிடுமா. ஏமாற்றிக்கொள்வதற்கும் ஒரு அளவு இருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது. அவன் மேல் எனக்கு எவ்வளவு பிரியமோ அவ்வளவு கோபம்.

தங்கச்சி வீடு ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டில் அவளும் மாமியாரும்தான். மாமியார் இரும்பு மாதிரி. மகன் போன நாளிலிருந்து அந்த அம்மா கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. உடம்பு கிடைக்காவிட்டால் என்ன, பொம்மை செய்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம், இல்லாவிட்டால் பிள்ளை சாந்தி இல்லாமல் அலைவான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கச்சி ஒரே பிடியாக நின்றாள். அவர் வருவார், தாலியில் யாரும் கை வைக்கக் கூடாது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மாநாட்டில் கட்சியே அவன் பெயரை இரங்கலில் படித்துவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை கருமாதி. படிக்காவிட்டால் காத்திருப்பது. அதாவது, அவள் நெற்றியில் பொட்டு இருப்பதும் போவதும் என் கையில் இருந்த அந்தப் பேட்ஜில் வந்து நின்றது.

அவள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பளையும் சொல்ல மாட்டாள், சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்ற பயம். இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் தெருமுனைக் கூட்டத்துக்குக் கூட்டம் அதைத்தான் கிழிகிழியென்று கிழிப்பான். பெயரைச் சொன்னால் புருஷன் செத்துப்போவான் என்றால், இந்தத் தெருவில் கடன் கொடுத்தவன் தினம் பெயரைச் சொல்லிக் கத்துகிற கத்தலுக்கு ஒருத்தனும் மிஞ்ச மாட்டானே என்பான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டுக்குப் போனால் அவள் 'இந்தாங்க' என்பாள், அடுத்தவரிடம் 'வூட்டுக்காரரு' என்பாள், அதோடு சரி. ஊருக்குத்தான் உபதேசம் என்று நான் கேலி செய்வேன். "விடு மச்சான், என்னிக்காவது சொல்லுவா" என்று அவனும் சிரிப்பான். அவன் காணாமல் போன அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் பெயர் என்ன பெயர் என்ன என்று ஏட்டு கத்தியபோதும் அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு என் முகத்தைத்தான் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

பேட்ஜ் வந்த மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், படிக்கச் சொல்லப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. கொஞ்சம் உட்காரு, விளக்கு வைக்கிற நேரம் ஆகட்டும் என்றாள். மாமியார் மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தேன். சந்தில் வெளிச்சம் மங்கியது. துறைமுகப் பாதையில் வேகன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் வந்து நின்றது.

அப்போது வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற மறைப்பில், யாரோ சொம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவசரமில்லாத ஊற்றல். ஒரு சொம்பு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு சொம்பு. வேலை முடிந்து வருகிறவன் உப்புத் தண்ணீரைக் கழுவுகிற மாதிரி. தங்கச்சி என்னைப் பார்த்தாள். மாமியார் கை உலக்கையை அப்படியே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் எழுந்து பின்பக்கம் போனேன். தொட்டி நிரம்பியிருந்தது. சொம்பு கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. கல்லு மட்டும் ஈரம், நடுவில் காலை ஊன்றி நின்ற இடம் போல இரண்டு திட்டு காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் குழாயாக இருக்கும் என்று உள்ளே வந்து சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் இன்னும் வரவில்லை, பூட்டு தொங்குகிறது என்றாள் தங்கச்சி, ரொம்ப சாதாரணமாக.

ஒரே சத்தம்தான். மாமியாருக்கு அது மகனின் ஆவி, வழி தெரியாமல் அலைகிறது. தங்கச்சிக்கு அது நல்ல சகுனம், உயிரோடு இருக்கிறவனின் நினைப்பு முன்னால் வந்து நிற்கிறது, ஆள் பின்னால் வருவான். எனக்குக் குழாய். அந்தக் குழாயை நான் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் போய்த் தேடினேன், இல்லை. சாமி இல்லை பூதம் இல்லை என்று பார்க்கிறவனிடமெல்லாம் வாதாடினவன் நான். மூன்றாவது தடவை அந்தச் சத்தம் கேட்டபோது நான் மறைப்புப் பக்கம் போகவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு அவள் கேட்டாள், "ண்ணா, நீயே அவரு பேருக்கு இருக்கேன்னு சொல்லிடு. ஒரு வார்த்தைதானே." சரி என்றேன். பயத்தில் சொன்னேனா பாசத்தில் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு மாநாட்டுக்குத் தயாராக ஆரம்பித்தேன். கிளை சார்பில் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு ஒரு தீர்மானம் பேச வேண்டும். அதையும் அவன்தான் பேசுவதாக இருந்தது. அவனுக்கு மேடை தண்ணீர் பட்ட பாடு, எனக்கு நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வேலை விட்டு வரும் வழியில், கடல் ஊருக்குள் வராமல் இருக்கக் கொட்டி வைத்த பாறாங்கற்களின் மேல் ஏறி நின்று பேசிப் பார்த்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வடக்கே மணலி எண்ணெய் ஆலைக் குழாயின் உச்சியில் எரிகிற தீ அப்போதுதான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. காற்றில் அந்த அழுகின முட்டை வாடை.

தண்ணீர்த் தீர்மானம் ஒருவிதமாக வந்தது. பெயர் கூப்பிடுவதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று, தலைவர் கூப்பிடுகிற குரலில் எங்கள் பகுதியைச் சொன்னேன், கிளையைச் சொன்னேன், அவன் பெயரைச் சொன்னேன். அடுத்து 'இருக்கிறேன்' என்று நான் சொல்ல வேண்டும். மூச்சை இழுத்தேன்.

கீழே கற்களுக்கு நடுவிலிருந்து, "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது.

உரக்க இல்லை. வேலையாக இருக்கிறவன் தலையைத் தூக்காமல் பதில் சொல்வானே, அந்த மாதிரி. யார் அது என்று அதட்டினேன். குனிந்து பார்த்தேன், ஈரக் கல், ஓடுகிற நண்டு, உள்ளே போய் வருகிற தண்ணீர். யாரோ காலைக்கடனைச் சாயங்காலம் கழிக்க உட்கார்ந்தவன், என் மாநாடு பொறுக்காமல் குரல் கொடுத்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கரையில் அதுதானே நடக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவன் மேடையில் பேசும்போது முதல் கைதட்டு என்னுடையதாக இருக்கும். ஆனால் அன்றைக்கு இருட்டக்கூட இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினேன். அப்புறம் மாநாடு வரை நான் எதையும் பேசிப் பார்க்கவில்லை.

மாநாட்டுக்கு முந்தின நாள் தங்கச்சி ஒரு துணிப் பையை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிரதிநிதிகள் வெள்ளைச் சட்டையில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என்னிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கறை, எத்தனை தோய்த்தும் போகவில்லை. பைக்குள் அவனுடைய சட்டை. நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியில் மடிப்புக் கலையாமல் தேய்த்திருந்தாள். கூட்டம் என்றால் அவன் போடுகிற சட்டை. முதல் பொத்தானைப் பூட்டவே மாட்டான்.

"அவரு பேர்ல போறே. அவரு சட்டையப் போட்டுகினு போ" என்றாள். காலையில் மண்டபத்துக்குப் போகும்முன் ராயபுரம் வந்து அவளிடம் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றும் சொன்னாள். என் பெண்டாட்டிக்கு இது பிடிக்கவில்லை. இருக்கிறவன் சட்டையென்றால் கடன் வாங்கின சட்டை, இல்லாதவன் சட்டையென்றால் என்ன பேர் என்று என் காதோடு கேட்டாள். கம்முனு இரு என்றேன்.

காலையில் போட்டுப் பார்த்தேன். அவனைவிட நான் தடியன், அவனுடைய துண்டைத் தவிர எதுவும் எனக்குச் சேர்ந்ததில்லை. இந்தச் சட்டை சேர்ந்தது. தோள் சரியாக நின்றது, பொத்தான்கள் இழுக்காமல் பூட்டின. நானும் மூன்று நாலு மாதமாகச் சாப்பாடு தூக்கம் இல்லாமல் இளைத்திருப்பேன், அவ்வளவுதான் என்று பேட்ஜைக் குத்திக்கொண்டு கிளம்பினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

தண்டையார்பேட்டையில் என் வீட்டிலிருந்து ராயபுரம் எனக்குப் பழகின வழி. அன்றைக்கு அந்த வழிக்கு என்னைப் பழக்கமில்லை போலிருந்தது. எதிரே மீன் கூடையோடு வந்த அம்மா என்னைக் கண்டதும் கூடையை இறக்காமலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். சர்ச்சிலிருந்து பூசை முடிந்து வந்துகொண்டிருந்த குடும்பத்தில் ஒருவர், துறைமுகத்தில் அவனோடு வேலை செய்தவர், என்னைப் பார்த்து நின்று, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்கு என்னை நன்றாகத் தெரியும். என் கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறார்.

சந்து முனையில் டீக்கடை. நான் எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை, சட்டைக் கையை மட்டும் பார்த்திருப்பார் போலிருக்கிறது. டீயை ஆற்றி என் முன்னால் வைத்தார். எடுத்துக் குடித்தேன். சர்க்கரை இல்லை. அந்தக் கடையில் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறவன் அவன் ஒருவன்தான். கசப்பைக் கடைசி வரை குடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். இந்தச் சட்டைக்குள் நான் இருக்கிறேன் என்று யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

தங்கச்சி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாமியார் அம்மியில் ஏதோ அரைக்கிற சத்தம். நான் சந்துக்குள் திரும்பியதை அவள் பார்க்கவில்லை, நிழல் தண்ணீரில் விழுந்ததும் நிமிர்ந்தாள். நிமிர்ந்த அந்த ஒரு கணம் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். வாளி கையிலிருந்து நழுவியது. "வந்..." என்று சொல் பாதி வந்தது. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"ண்ணா" என்றாள்.

கிட்டே வந்து, எக்கி, என் காலரைப் பின்பக்கம் மடித்துச் சரி செய்தாள். தினமும் செய்து பழகின கை, அதுவாகச் செய்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

"இந்த சட்ட வாசல்ல வந்து நிக்கும்னுதான் இத்தினி நாளா பாத்துகினு இருந்தேன். வந்து நின்னுடுச்சி. உள்ள நீ கீறே."

எனக்கு அந்தச் சட்டையைக் கிழித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ ஒன்றும் யோசிக்காதே, பெயர் கூப்பிட்டதும் இருக்கிறேன் என்று மண்டபம் அதிரச் சொல்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். இந்த மாநாடு போகட்டும், அடுத்த மாநாடு வரைக்கும் பார்க்கலாம் என்றேன். அவன் செத்துவிட்டான் செத்துவிட்டான் என்று அவளிடம் கத்தியவன் நான். இப்போது நான்தான் அவனுக்காக வாய்தா கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"வேணாம். அவருக்கு நீ பதில் சொல்லாத. படிக்கச் சொல்லிடு."

நான் பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஊசி விரலில் குத்தியது. போய்வருகிறேன் என்று சொல்லவும் முடியவில்லை, அந்த வீட்டில் அந்தச் சொல்லை யார் சொல்வது. திரும்பினேன்.

"ண்ணா, நில்லு. ஹார்பர்ல எல்லாருக்கும் அவரு பட்டப்பேருதான் தெரியும். அத்தப் படிச்சிடப் போறாங்க. முழுப் பேரா படிக்கணும்."

சரி என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சந்தைப் பார்த்து நின்றாள். பிறகு முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவன் அப்பா பெயரை முதலில் வைத்து, அவன் பெயரைச் சொன்னாள். தடுமாறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தினம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தவள் மாதிரி, எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

உள்ளே அம்மிச் சத்தம் நின்றது. ஐப்பசியிலிருந்து கருமாதி கருமாதி என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா, மருமகள் வாயால் மகன் பெயரைக் கேட்டதும், தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.